செலின் அக்காவின் ரோஸ் நிறக் கொடி

செலின் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஆலங்குடி பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். நாடுகளின் கொடிகளை ஆராயும் நம் கொடி வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய மகள் ஒரே வரி எழுதியிருந்தார்: "அம்மா காலையில தவறிட்டாங்க." மாதக்கணக்கில் அந்தக் குழுவில் பேச்சே இல்லை. இனி இரங்கல் செய்திகளாக வந்து விழும் என்று நினைத்தபோது அலுப்பாக இருந்தது. போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அக்காவின் ஊரான ஆவூருக்குப் போகும் பேருந்து எங்கே நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு நடந்தேன். சமீப காலமாக இப்படித்தான் ஆகிவிட்டது. யாரையாவது வழியனுப்பத்தான் ஊர்களுக்குப் போகிறேன்.

அக்கா கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். கொடிகளின் மீது அவருக்கு ஆசை வந்தது சரக்குக் கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பியால். ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் தம்பி அந்த நாட்டுக் கொடியின் படத்தை அனுப்புவாராம். இந்த நிறம் ஏன், இந்த நட்சத்திரம் யாருடையது என்று அக்கா தேடத் தொடங்கியது அப்படித்தான். பிறகு அதே கிறுக்குப் பிடித்த நம்மையெல்லாம் தேடிப் பிடித்து, டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டி உட்கார வைத்தார்.

நம் மாவட்டத்தில் கொடி என்றாலே முகம் மாறிவிடும். ஒருமுறை பள்ளிக்கூடம் ஒன்றில் கண்காட்சி வைத்தோம். ஊர்க்காரர் ஒருவர் வாசலிலேயே மறித்துக்கொண்டு, "நீங்க எந்தக் கட்சி? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே, "கட்சியில்லாத ஆளுக நாங்க. உள்ள வந்து பாருங்க, ஒங்க கட்சி கெடைக்காது" என்றார். மறித்தவர் உள்ளே வந்து, மதியம் வரை போகவில்லை.

வல்லத்திராக்கோட்டைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நடந்ததை நம்மில் இருவர் மூவர்தான் நேரில் பார்த்தோம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஊர்க் கண்மாய்த் தண்ணீரை மேலத்தெருவும் கீழத்தெருவும் முறைவைத்துப் பாய்ச்சும். எங்களுக்குத் தெரியாமல் மடையைத் திறந்துவிட்டார்கள் என்று ஒரு தெரு சொல்லும், இல்லை நீங்கள்தான் என்று மற்றது சொல்லும். ஒரு வருடம் அரிவாள் வரைக்கும் போய்விட்டது. இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்ட கை அக்காவுடையது. காயம்பட்டவனைப் பார்க்கப் போனவர், மடை திறந்திருக்கும்போதெல்லாம் கரையில் ஒரு கொடி பறக்கட்டும், எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

நிறத்திலேயே சிக்கிக்கொண்டோம். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று எதைத் தொட்டாலும் அது ஒரு கட்சிக்கோ ஒரு சாதிக்கோ சொந்தமாக இருந்தது. அக்கா துணிக்கடையில் வெகுநேரம் நின்று, கடைசியில் ரோஸ் நிறத்தைக் கிழித்துத் தரச் சொன்னார். ஊரில் ஆண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "ரோஸ் கலரா? எங்க மானம் போயிரும்க்கா." அக்கா சொன்னார்: "அதுக்குத்தான் எடுத்தேன். இத எங்களுதுன்னு சொல்ல எவனும் வரமாட்டான். பச்ச வயலுக்கு நடுவுல தூரத்துலருந்தும் தெரியும்."

கொடி சில வாரங்கள் பறந்தது. பிறகு ஒரு காலை கிழிந்து சேற்றில் கிடந்தது. ஒரு தெரு இன்னொரு தெருவைக் கை காட்டியது. அக்காவுக்கு அப்போதே சிறுநீரகம் பழுதாகி, காலெல்லாம் வீங்கியிருந்தது. வேண்டாம் என்று நாங்கள் சொல்லியும் பேருந்து ஏறிப் போனார். கிழித்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. இரண்டு தெருப் பெண்களிடமும் பாதிப் பாதித் துணியைக் கொடுத்து, ஓரம் தைத்துக் கொண்டுவரச் சொன்னார். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை வைத்து இரண்டையும் தானே இணைத்தார். ஒரு பாதி சற்றுக் கோணல்தான். அதை அவர் திருத்தவில்லை.

ஏற்றப் போகும்போது புதிதாக ஒரு சண்டை. எந்தப் பாதி கம்பத்தை ஒட்டி இருப்பது? காற்றில் அடிபட்டு முதலில் நைந்துபோவது வெளி ஓரம்தான் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. "நாங்க மட்டும் கிழியணுமா?" என்று கீழத்தெரு அம்மா ஒருவர் கத்தினார். மேலத்தெருவும் இறங்கி வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் கிளம்பிவிடலாம் என்றேன். அக்கா கண்மாய்க் கரையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஊசி நூலை வாங்கி, மறு ஓரத்திலும் கயிறு கோக்கத் துணி வளையங்களைத் தைத்தார்.

"இப்பப் பாருங்க, ரெண்டு பக்கமும் கட்டலாம். இந்தத் தடவ நீங்க கம்பத்துப் பக்கம். அடுத்த தடவ மடை தெறக்கையில அவுக. கிழிஞ்சா சேந்து கிழிங்க."

யாரோ சிரித்தார்கள். கொடி ஏறியது.

ஊர் ஒன்றாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்கும் அந்த இரண்டு தெருக்காரர்கள் ஒரே கடையில் டீ குடிப்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மடைக்காக யாரும் யாரையும் வெட்டவில்லை. ஒவ்வொரு முறையும் கொடியைத் திருப்பிக் கட்டுகிறார்கள். துணி நைந்தால் அவரவர் பாதியை அவரவரே மாற்றித் தைத்துக்கொள்கிறார்கள்.

ஆவூரில் அக்காவின் மகள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா மேல என்ன கொடி போத்துறது? ஒங்களுக்குத்தான் தெரியும்" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரு ஊருக்கே கொடி தைத்துக் கொடுத்தவர் தனக்கென்று ஒன்று தைத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அவர் ஜெபத்துக்குப் போகும்போது உடுத்தும் வெள்ளைச் சேலையைப் போர்த்தினார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது.

அவரைக் கடைசியாகப் பார்த்துப் பேசியது போன மாதம், திருச்சியில் டயாலிசிஸ் வார்டில். கொடி வட்டத்தைக் கலைத்துவிடலாம், வருவதே நாலு பேர், அந்த நாலு பேரும் சண்டைதான் போடுகிறோம் என்று புலம்பினேன். குழாய் செருகிய கையை அசைக்காமல் அவர் சொன்னார்: "சண்ட போடுறவங்களுக்கும் பசிக்கும் தம்பி. அதுவரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருக்க ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

குரல் உயர்ந்தால் கிளம்பிவிடச் செருப்பைத் தேடுகிறவன் நான். அடக்கம் முடிந்த மறு ஞாயிறு, மாடி அறையில் நம்மில் இருவருக்குள் வாக்குவாதம் முற்றியது. யார் யார் என்று சொல்லத் தேவையில்லை. உடம்பு முழுக்க அலுப்பு. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். அவர்கள் பேசி ஓய்ந்து, ஒருவர் மற்றவரைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.