வெளியில் வைத்த பட்டர்

பட்டரைப் பிரிட்ஜில் வைப்பதா வெளியில் வைப்பதா என்று நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு வருஷம் சண்டை போட்டோம். வயதான இரண்டு பேருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். இல்லைதான். பதுளையில் மகன் பார்த்துக் கொடுத்த வாடகை வீட்டில், விடிந்தால் எங்களுக்குச் செய்வதற்கு என்று ஒன்றும் இருக்கவில்லை.

அவர் அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் முப்பது வருஷம் அப்புவாக இருந்தவர். பங்களாச் சமையல்காரரை அப்படித்தான் சொல்வார்கள். அதே தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை நான் பார்த்துக்கொண்டேன். துரைமார் வந்தார்கள், போனார்கள். சமையல் நடக்கும் குசினி மட்டும் அவர் கையிலேயே இருந்தது. கடைசியில் பங்களாவை ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். கட்டடத்தைத் திருத்த வேண்டும், முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அவரை அனுப்பினார்கள். பின்பக்கம் நாங்கள் இருந்த காம்பராவையும் இடித்தார்கள். மூட்டை முடிச்சோடு பதுளைக்கு இறங்கினோம்.

"கூப்பிடுகிறோம்" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் உயிரோடு இருந்தார். போன் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். குளிக்கப் போனால் என் கையில் கொடுத்து, "அடிச்சா ஒடனே கூப்புடு" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

பட்டருக்கு வருகிறேன். பங்களாவில் மூடி போட்ட ஒரு பீங்கான் கிண்ணத்தில் பட்டர் வெளியிலேயே இருக்கும். பிரிட்ஜ் இல்லாமல் இல்லை. ஆனால் கல் மாதிரி இறுகிய பட்டரைத் தடவினால் பாண் ரொட்டி பிய்ந்து போகும், அது மேசைக்கு மரியாதை இல்லை என்பார். கேக் அடிப்பதற்கும் இளகிய பட்டர்தான் வேண்டும். காலையில் மேசைக்குக் கொண்டுபோகும் முன் மூடியைத் திறந்து, கிண்ணத்தை மூக்கருகே பிடித்து, ஒருதரம் தலையை ஆட்டுவார். பாலோ மீனோ முட்டையோ, அந்தத் தலையாட்டல் இல்லாமல் எதுவும் அவர் குசினியைத் தாண்டாது. பதுளைக்கு வரும்போது அந்தக் கிண்ணத்தையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்புத்தளையில் அது சரி. பத்து மணியானாலும் பனி விலகாத ஊரில் வெளியில் வைத்தால் என்ன, உள்ளே வைத்தால் என்ன, இரண்டும் ஒன்றுதான். பதுளை அப்படியா? பதினொரு மணிக்கெல்லாம் தகரக் கூரை சுட ஆரம்பித்துவிடும். கிண்ணத்தில் பட்டர் மஞ்சள் எண்ணெயாக நிற்கும். சாயங்காலம் மறுபடி உறையும். நாலு நாள் இப்படி உருகி உறைந்தால் காறல் வாடை அடிக்காமல் என்ன செய்யும்?

"என்னாங்க, இது பதுளைங்க. வெளிய வச்சா கெட்டுப் போயிரும். பிரிட்ஜில வைங்க."

"முப்பது வருசமா வச்சவன் நான். எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"அங்க குளிருங்க."

"உப்புப் போட்ட பட்டரு கெடாது. போயி ஒன் வேலையப் பாரு."

நான் உள்ளே வைப்பேன். அவர் எடுத்து வெளியில் வைப்பார். லேசாக வாடை அடித்தாலும் போதும், ஊர் கேட்கச் சத்தம் போட்டு, கிண்ணத்தை வழித்துக் குப்பையில் கொட்டுவேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே புது பெக்கட்டைப் பிரிப்பார். சில நாட்களில் எங்களுக்குள் நடந்த பேச்சே அவ்வளவுதான். எனக்கு அலுத்துப் போயிருந்தது. அதிலும் ஒரு துணை இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

பதுளைக்கு வந்த சில மாதங்களில் எங்கள் இரண்டு பேருக்கும் கொரோனாக் காய்ச்சல் வந்தது. பத்துப் பதினைந்து நாள் எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. சம்பலைத் தின்றால் சாம்பலைத் தின்ற மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் தேத்தண்ணியின் மணம் திடீரென்று திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஒங்களுக்கு மணம் தெரியுதாங்க?"

"எனக்கென்ன? நல்லாத் தெரியுது."

அப்புவின் மூக்கு அல்லவா, அதற்கு எது வந்தாலும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் வைத்த கறியில் உப்பும் உறைப்பும் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து, வாசல் வரைக்கும் வாடை. வெளியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் ஓடி வந்து பார்த்தால், அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். கேட்டதற்கு, ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன் என்றார். வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் சித்திரை கழிந்த பிறகு வெயில் கொளுத்தியது. எனக்கும் வீம்பு வந்துவிட்டது. இனிமேல் அந்தக் கிண்ணத்தைத் தொடுவதுமில்லை, அதைப்பற்றி வாயைத் திறப்பதுமில்லை, கெட்டுப் போகட்டும், அப்போது புத்தி வரும் என்று முடிவு செய்தேன். ஒரு வாரத்தில் மூடியைத் திறந்தாலே காறல் வாடை குசினி முழுக்க அடித்தது. அவரோ காலையில் வழக்கம்போலத் திறந்தார், மூக்கருகே பிடித்தார், தலையை ஆட்டினார். பாணில் தடவினார். கடிப்பதற்கு முன் என் முகத்தை ஒருதரம் பார்த்தார். நான் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"பாத்தியா, ஒண்ணுமே ஆகல" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்சாதியிடம் தோற்கக் கூடாது என்பதற்காகக் கெட்டுப்போனதையும் தின்கிற மனிதன்! தின்னட்டும் என்று நான் சீனிச்சம்பலைத் தொட்டுக்கொண்டு என் பாணைத் தின்றேன்.

அந்த வாரத்தில்தான் போன் வந்தது. பங்களா வேலை முடிந்துவிட்டதாம். சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஹோட்டல் முதலாளி மேடம் வருகிறாராம். அவருக்கு ஒரு பட்டர் கேக் செய்து, தேத்தண்ணியோடு வைக்க வேண்டும். மேடத்துக்குப் பிடித்துவிட்டால் குசினி மறுபடி என் வீட்டுக்காரருக்கு. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் எழுந்து நின்றபடி, "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வைத்துவிட்ட பிறகும் சொன்னார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது எனக்கு. அவர் முகத்தை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

சனிக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையைத் தானே அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, கிண்ணத்திலிருந்த பட்டரை அதில் வழித்துப் போட ஆரம்பித்தார்.

"அங்க பிரிட்ஜில கல்லாக் கெடக்கும். அந்தக் குளிருல எப்ப எளகி, எப்ப நான் கேக்கு அடிக்கிறது? எளகினத கையோட கொண்டு போயிர்றேன்."

டப்பாவை மூக்கருகே பிடித்தார். தலையை ஆட்டினார். என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றேன். வாடை என் வரைக்கும் வந்தது.

"அது கெட்டுப் போச்சுங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும், எனக்குக் காட்டுவதற்காகத்தான் எடுத்துக்கொண்டு போகிறார், அப்புத்தளைக் கடையில் புதுசு வாங்கிக்கொள்வார் என்று ஒரு பக்கம் நினைத்தேன். இன்னொரு பக்கம் நினைத்ததையும் எழுதத்தான் வேண்டும். வாங்காவிட்டால் மூக்கு உடைபட்டு வரட்டும், அதற்குப் பிறகாவது கிண்ணம் பிரிட்ஜுக்குள் போகும் என்று நினைத்தேன். நினைத்தவள் நான்தான்.

சாயங்காலம் வருவார் என்று பார்த்தால், மூன்று மணிக்கே வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம் ஒரு துண்டு வாயில வச்சாங்க. அப்புறம் பேப்பர்ல துப்பிட்டாங்க. திட்டல. பட்டர் பழசா அங்கிள்னு மட்டும் கேட்டாங்க. பஸ்சுக்கு நேரமாச்சு, நீங்க போங்கன்னு மேனேஜரு சொல்லிட்டாரு."

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"நெசமாவே நாத்தம் அடிச்சிச்சா புள்ள?"

"ஒங்களுக்குத் தெரியலையா?"

"காய்ச்சலுக்குப் பொறகு எனக்கு ஒரு மணமும் தெரியல. பட்டரும் தெரியல, பாலு தீயிறதும் தெரியல. வந்துரும் வந்துரும்னு இருந்தேன். மூக்கு இல்லாத அப்புவ யாரு கூப்புடுவா? அதான் ஒன்கிட்டயும் சொல்லல."

குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். "கெட்டுப் போனா நீ சும்மா இருக்க மாட்டியே. சத்தம் போட்டுக் கொட்டிருவியே. அத வச்சுத்தான் நான் இத்தன நாளு பாத்துக்கிட்டேன். இந்தத் தடவ நீ ஒண்ணுமே சொல்லல. அப்ப நல்லாத்தான் இருக்குன்னு நம்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

பிள்ளைக்காம்பராவில் அழுகையை வைத்தே எந்தப் பிள்ளைக்குக் காது வலி, எதற்கு வயிற்று வலி என்று சொல்லுகிறவள் என்று எனக்குப் பெயர். பக்கத்தில் படுத்திருந்த மனிதனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கடிப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தது என்னைக் கிண்டல் பண்ணுவதற்கு என்றல்லவா நினைத்திருந்தேன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்கும் தெரியலைங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் நேரத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

"ஒனக்கும் மறுபடி போயிருச்சா? பாவம், என்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

அன்றைக்கே கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது பட்டர் பெக்கட்டோடு பிரிட்ஜில் இருக்கிறது. அவரே வைக்கிறார். போன் எங்கே கிடக்கிறது என்று நான்தான் தேட வேண்டியிருக்கிறது. இரண்டொரு முறை காலையில் பட்டரை வெளியில் எடுத்து வைத்தேன், சண்டைக்காவது வரமாட்டாரா என்று.

"வேணாம்மா. இந்த வீட்டுல ரெண்டு பேருக்கும் மூக்கு இல்ல. எல்லாம் உள்ளயே இருக்கட்டும்" என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கல்லாயிருந்த பட்டரைக் கத்தியால் செதுக்கி எனக்கும் தடவிக் கொடுத்தார். பாண் பிய்ந்து போனது.

நேற்று அடுப்பில் பால் வைத்துவிட்டு இரண்டு பேரும் குசினியில் உட்கார்ந்திருந்தோம். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பால் அடிப்பிடிக்கிற வாடை எனக்கு உடனே தெரிந்தது. எழுந்தால் எனக்கு மூக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். புகை அவர் கண்ணில் படுகிற வரைக்கும் நான் அவர் எதிரில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.