ஆக்சிஜன் குழாயில் ஒரு பழைய வாஷர்

ராக்கெட்டையே திரும்பத் திரும்ப ஏவலாம் என்றால், அதன் குழாயில் இருக்கும் செம்பு வாஷரையும் திரும்பத் திரும்ப மாட்டலாம் என்று நம்பினேன். சிரிக்க வேண்டாம். மார்த்தாண்டத்தில் இருபது வருடம் லாரி இன்ஜின் பிரித்தவன் நான். டீசல் பம்பின் செம்பு வாஷர் நசுங்கினால் எந்த மெக்கானிக்கும் புதிது வாங்கக் கடைக்கு ஓடமாட்டான். தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகிவிடும். மறுபடி மாட்டி இறுக்கிவிட்டுப் பீடி பற்றவைப்பான்.

அந்த மூளையோடுதான் கழக்கூட்டம் தாண்டி ஒரு ராக்கெட் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு மேலே போய், சில நிமிடம் மிதக்கவிட்டு, ராக்கெட் நின்றவாக்கில் தரையிறங்க வேண்டும்; பிறகு அதே ராக்கெட் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எனக்கு அது கன்னியாகுமரி டூரிஸ்ட் வேன் மாதிரிதான் பட்டது. கழற்றிய எதையும் எறியக் கூடாது என்று முதலாளி தினமும் காலையில் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஒருவன்தான் கடைப்பிடித்தேன்.

என் மனைவியின் தம்பியையும் அங்கேயே ஹெல்ப்பராகச் சேர்த்துவிட்டிருந்தேன். ‘அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்கு வராதீங்க’ என்று சொல்லித்தான் மனைவி அவனை என்னோடு பஸ் ஏற்றினாள்.

அன்று இன்ஜினைப் பற்றவைக்கும் வேலைகூட இல்லை. ஆக்சிஜன் குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பதோடு சரி. முந்தைய நாள் ஒரு இணைப்புக்குப் புது வாஷர் ஸ்டோரில் இல்லை. வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பழையதைக் காய்ச்சி மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வால்வைக் கையால் திறப்பது மச்சினன் வேலை.

“லேய், மெதுவா தொற” என்று மணல் மூட்டைச் சுவருக்குப் பின்னால் நின்று கத்தினேன்.

“நீங்க ஏன் அத்தான் அவ்வளவு தள்ளி நிக்கியோ?”

“நான் பிள்ளைகுட்டிக்காரன் மக்கா.”

“அப்போ நான் ஆரு, நேந்துவிட்ட கிடாவா?”

சிரித்துக்கொண்டேதான் திருப்பினான்.

சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. கண்ணை மூடிய பிறகும் வெள்ளையாக இருந்தது. பித்தளைத் துண்டுகள் தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு பறந்தன. ஒன்று மணல் மூட்டையைக் கிழித்து என் கெண்டைக்காலில் இறங்கியது. நான் ஓடினேன், எதிர்த்திசையில். ஆளுயரக் காம்பவுண்டுச் சுவரை இந்தத் தொப்பையோடு எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது. பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் குப்புற விழுந்து, வாய் நிறைய மண்ணோடு, “எனக்கு ஒண்ணும் ஆகல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல்ல” என்று கூவினேன். யாரும் விசாரித்திருக்கவில்லை.

“அத்தான்!” என்று சுவருக்கு அந்தப் பக்கம் அலறல்.

ஒரே தாவில் தாண்டிய சுவரில் மூன்று தடவை தொங்கிப் பார்த்தேன், ஏற முடியவில்லை. கேட்டைச் சுற்றி நொண்டிக்கொண்டு ஓடினேன்.

அவனுடைய இடது கையுறை எரிந்துகொண்டிருந்தது. ஆக்சிஜன் ஊறிய துணி விறகு மாதிரி எரியாது, சீறும். சட்டையைக் கழற்றி ஓங்கி ஓங்கி அடித்தேன். பதற்றத்தில் அவன் வலது கையை அடித்தேன். “அது இல்ல அத்தான், இது! இது!” என்று எரிகிறவன் எனக்கு வழி காட்டினான். வெல்டர் ஒருவர் என்னைப் பிடரியில் பிடித்து அப்பால் எறிந்துவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றினார். கையுறையை யாரும் கழற்றவில்லை. அது தோலோடு சேர்ந்திருந்தது. அதன் ஓட்டைகள் வழியாக ரத்தம் கொட்டியது.

அவனை ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. மச்சினனின் கையைப் பார்க்காமல் வாஷரைத் தேடினேன். பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட நினைத்துப் பிளந்த குழாயில் விரலை வைத்தேன். சுட்டது. விரலைச் சூப்பிக்கொண்டே ஜீப்பில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அவனை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். சோதனையை நடத்திய இன்ஜினியர், என் மகள் வயது மலையாளிப் பெண், வராந்தாவில் நின்றாள்.

“அண்ணா, அவன் வால்வ் பெட்டென்னு, ஒரேயடியா தொறந்துட்டான் அல்லே? முதலாளி சார் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதப் போறார்.”

“எழுதினா?”

“அவன் தப்புன்னு ஆகும். ஜோலி போகும். சிகில்சைக்கும் கம்பெனி ஒண்ணும் தராது.”

வாயை மூடிக்கொண்டால் நான் தப்பித்தேன். மூடிக்கொள்ளவும் செய்தேன், ஒரு சாயா குடித்து முடிக்கும்வரை. அப்போது மனைவி கூப்பிட்டாள்.

“தம்பி போன எடுக்க மாட்டேங்கானே, எங்க அவன்?”

“வேலையா இருக்கான்.”

“கையக் கழுவிட்டு ஒரு நிமிசம் பேசச் சொல்லுங்க.”

போனை அணைத்துவிட்டு இன்ஜினியரிடம் போனேன். பத்தடி தூரத்துக்குள் மூன்று தடவை நின்றேன். கெண்டைக்காலில் பித்தளை இருந்ததால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

“மோளே, அவன் மேல எழுதாதீங்க. வாஷர் பழசு. நான்தான் மாட்டினேன்.”

அவள் கத்தவில்லை. “என்ன செஞ்சீங்க? ஒண்ணொண்ணா பறயணும்.”

“காய்ச்சினேன். தண்ணியில போட்டேன். தொடச்சேன். மாட்டினேன்.”

“எதுல தொடச்சீங்க?”

“பையில பனியன் வேஸ்ட் துணி கிடந்துச்சு.”

“புதுசா?”

“லாரி ஆயில் தொடச்சதுதான்.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. ஆக்சிஜன் சிலிண்டரை எண்ணெய்க் கையோடு தொடாதே என்று ஒர்க்‌ஷாப்பில் எத்தனை பேரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறேன். அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் பிரித்துப் பார்த்தார்கள். வாஷர் நன்றாக இறுகித்தான் இருந்தது, கசியவில்லை. அதில் ஒட்டியிருந்த எண்ணெய் ஆக்சிஜன் பாய்ந்ததும் பற்றிக் குழாயை வெடிக்க வைத்திருந்தது. ரிப்போர்ட்டில் என் பெயரை எழுதினார்கள். என் வேலை போனது. சிகிச்சைக்குக் கம்பெனி பணம் கட்டியது. மச்சினனின் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.