காலையில் ஒரு முறை மட்டும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், பழைய அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை எங்களுடையது. ஜன்னலோர மேசை பதினெட்டு வருடம் என்னுடையது. அதிகம் பேச வேண்டியிருக்காது; அதனாலேயே பிடித்திருந்தது.

அந்த ஆஸிலாஸ்கோப் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கனமான பழைய கருவி. சுவிட்சைப் போட்டதும் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு பாஸ் அல்லது ஃபெயில் என்று சில நொடி காட்டும். அனுப்பிய பயிற்சிக்கூட ஆசிரியை போனில் சிரித்தார்.

"அண்ணே, இங்க ஃபெயில், அங்க பாஸ். உங்கள பாத்தா மட்டும் நல்ல பிள்ளையா நடிக்குது லா!"

முதலாளி சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்பா. சரியாகலன்னா இந்த மேசைய போன் ரிப்பேருக்கு விட்டுடுவேன். நீ ஊர்க்கோடில நம்ம பழைய சாமான் கிடக்குற கிராஞ்சி ஸ்டோருக்குப் போயிடு. அங்க பேச ஆளே கிடையாது, உனக்கு சௌகரியம்."

என்னிடம் எப்போது சோதித்தாலும் பாஸ்தான். காரணம் செவ்வாய்க்கிழமை தெரிந்தது. கருவி அரை மணி நேரம் சூடான பிறகே அளக்க வேண்டும் என்பது எங்கள் பழக்கம். காலையில் கடையைத் திறந்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, தேக்கா சந்தைக்கு டீ குடிக்கப் போவேன். வந்து மெனுவில் சோதனையை ஓட்டுவேன். அன்று நல்ல மழை. கீழே போகாமல் கருவி முன்னாலேயே நின்றேன்.

ஃபெயில்.

அணைத்துப் போட்டேன். பாஸ். மறுபடியும் பாஸ். குளிர்ந்து கிடக்கும்போது, முதல் சில நொடிகள் மட்டும்தான் கோளாறு. இத்தனை வருடமும் அந்த நொடிகளில் நான் படியில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது முழுதாகக் குளிர ஓர் இரவு வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்பு. நினைவகப் பலகையில் சந்தேகப்பட்ட இடங்களை எல்லாம் மறுபடி பற்றவைத்தேன். புதன் காலை ஃபெயில். மின்வழங்கியில் பழைய கெப்பாசிட்டர்களை மாற்றினேன். வியாழன் பாஸ். வெள்ளியும் பாஸ்.

இரண்டு பாஸ் எதற்கும் சாட்சி இல்லை. அது அவர்களுடைய ஏர்கான் அறையின் குளிரில் எழுந்திருக்கும் கருவி. எங்கள் கடையில் மின்விசிறிதான். "உங்கள் அறையில் ஒரு வாரம், காலையில் மட்டும் உட்கார விடுங்கள்" என்று ஆசிரியையிடம் கேட்டிருக்க வேண்டும். இரண்டு முறை எண்ணை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என்ன நினைப்பாரோ.

"சரியாயிடுச்சா?" என்றார் முதலாளி.

ஆமென்று தலையை ஆட்டினேன்.

கருவியைத் திருப்பி அனுப்பிய பத்தாம் நாள் ஆசிரியை அழைத்தார். இம்முறை கேலி இல்லை. "இங்க மறுபடியும் ஃபெயில்தான். பரவாயில்லண்ணே. நாங்க புதுசு வாங்கிக்கிறோம். அத அனுப்பி வைக்கிறோம், நீங்களே வச்சுக்குங்க."

முதலாளி சொன்னபடியே மேசை போனது; என் சாமான்களோடு அதுவும் ஒரே லாரியில் கிராஞ்சிக்கு வந்தது. இப்போது பொங்கோல் வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்புகிறேன். கிராஞ்சியில் பஸ் குறைவு. ஸ்டோருக்குத் தகரக் கூரை, இரவெல்லாம் வெக்கை அடங்காது. வந்ததும் கருவியைப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போகாமல் எதிரே நிற்கிறேன்.

பாஸ். தினமும் பாஸ்.