ஒற்றை ஆளுக்கு எகிப்து அறை

திருப்பதியில் தனியாக வருகிறவருக்கு லாட்ஜில் அவ்வளவு எளிதில் அறை கிடைக்காது. குடும்பமாகப் போய் வந்துகொண்டிருந்தவரை எனக்கு இது தெரியாது. மகன் அங்கே மருத்துவமனையில் கிடந்தபோதுதான் தெரிந்தது.

அவன் சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பைக்கில் நகரிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது லாரி இடித்துவிட்டது. கல்லீரல் கிழிந்திருக்கிறது என்று அறுவை செய்து, மயக்கத்திலேயே வைத்து, வாயில் குழாய் விட்டு மூச்சுவிட வைத்திருந்தார்கள். கணவர் குவைத்தில் இருக்கிறார். அவருக்கு உடனே விடுப்பு கிடைக்கவில்லை. இரவெல்லாம் ஐ.சி.யூ. வாசலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். காலையில் ஒருமுறை உள்ளே விட்டுக் காட்டுவார்கள். அதன்பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மாலைப் பார்வை நேரம்வரை போக்கிடம் கிடையாது. குளிக்கவும் கொஞ்சம் படுக்கவும் ஓர் அறை தேவைப்பட்டது.

முதல் லாட்ஜில் மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “சார் எக்கட மேடம்?” என்றார். சார் குவைத்தில் என்றேன். “சிங்கிள்னா ரூம் இல்ல மேடம். தப்பா நெனச்சுக்காதீங்க.”

இரண்டாவது இடத்தில் காரணத்தையும் சொன்னார்கள். தனியாக வருகிறவர்களில் சிலர் கதவைப் பூட்டிக்கொண்டு ஏதாவது செய்துகொள்கிறார்களாம். பிறகு இவர்கள்தான் போலீஸுக்கு அலைய வேண்டுமாம். “உங்க மூஞ்ச பாத்தாலே அழுதுகினு வந்த மாரி கீது,” என்றார் கல்லாவில் இருந்த பெரியவர். பொய்யில்லை.

திருச்சானூர் சாலையில் புதிதாக ஒரு ஓட்டல் வந்திருந்தது. அறைக்கு ஒரு வேஷம்: ஒன்று காடு, ஒன்று அரண்மனை, ஒன்று கப்பல். கல்யாணம் முடித்து வரும் ஜோடிகளுக்காகக் கட்டியது. வரவேற்பில் இருந்த பெண் என் பேச்சைக் கேட்டதும் தெலுங்கை விட்டுவிட்டாள்.

“நகரியா நீங்க? நான் புத்தூரு மேடம்.” கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “எகிப்து ரூம் ஒண்ணுதான் காலி கீது. ஜோடிங்க எடுக்க மாட்றாங்க. போன வாரம் ஒரு கல்யாணப் பொண்ணு உள்ள போன வேகத்துல வெளிய வந்துடுச்சு. அந்த மாப்ள பாவம், நான் ஒண்ணுமே பண்ணலன்னு எங்ககிட்ட வந்து சத்தியம் பண்றாரு.” பிறகு குரலைத் தணித்து, “நீங்க பயப்பட மாட்டீங்கல்ல?” என்றாள்.

“ஆறாவதுக்கு சோஷியல் டீச்சர்மா நானு. வருசா வருசம் எகிப்து நடத்துறேன்.”

உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தாள். ஒரு நிபந்தனை. “நடுவுல நடுவுல ரூமுக்கு போன் பண்ணுவோம். எடுத்துடுங்க மேடம். எடுக்கலன்னா கதவத் தெறந்துடுவோம்.”

நான் நடத்துகிற எகிப்தில் நைல் நதி இருக்கிறது, பிரமிடு இருக்கிறது, மம்மி என்றால் என்ன என்ற இரண்டு மதிப்பெண் கேள்வி இருக்கிறது. அவ்வளவுதான். அந்த அறையில் சுவரெல்லாம் கறுப்பும் பொன்னும். துணி அலமாரி ஆள் நிற்கிற சவப்பெட்டி வடிவத்தில், கதவில் கண் திறந்த முகத்தோடு இருந்தது. அதில் என் புடவையை மாட்ட மனம் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், படுத்துக் கிடக்கும் ஓர் உடம்பின்மேல் நரித் தலையோடு ஒருவன் குனிந்திருந்தான். அவன் முகத்தை மறைத்து என் ஈரத் துண்டைத் தொங்கவிட்டேன். மறுநாள் அறை துடைக்க வந்தவர்கள் அந்தத் துண்டை எடுத்து அன்னமாக மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்கள். பிரித்து மறுபடியும் மாட்டினேன்.

கெட்டிலுக்குப் பக்கத்தில் நான்கு ஜாடிகள். மூடிகள் குரங்குத் தலை, நரித் தலை, பருந்துத் தலை, மனிதத் தலை. டீத்தூள் பை, காப்பித்தூள், பால் பவுடர், சர்க்கரை. மேலே ஒரு சட்டத்தில் விளக்கம் எழுதி மாட்டியிருந்தார்கள். உடம்பைப் பதப்படுத்தும்போது உள்ளுறுப்புகளை எடுத்து இப்படிப்பட்ட ஜாடிகளில் வைப்பார்களாம். குரங்கு நுரையீரலுக்குக் காவல், நரி இரைப்பைக்கு, பருந்து குடலுக்கு. மனிதத் தலை கல்லீரலுக்கு. ஓட்டலில் அதில்தான் சர்க்கரை போட்டிருந்தார்கள். அன்று காலைதான் மருத்துவர் ஒரு தாளில் கல்லீரலை வரைந்து, எங்கே கிழிந்தது என்று பேனாவால் கோடு போட்டுக் காட்டியிருந்தார். நான் அந்த மூடியைத் திறக்கவில்லை. சர்க்கரை இல்லாமல் ஒரு டீ குடித்தேன். பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

மல்லாந்து படுத்தால் கூரை முழுக்க ஒரு பெண். நீல உடம்பெல்லாம் நட்சத்திரம். விரல் நுனிகளையும் கால் நுனிகளையும் தரையில் ஊன்றி வில்லாக வளைந்திருந்தாள். அவள்தான் வானமாம். மாலையில் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் வயிற்றில் வைத்திருந்து, காலையில் மறுபடி பெற்றெடுப்பாளாம். அவளுக்கு எப்படியும் காலை வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன் அடிக்கும். “மேடம், தண்ணி பாட்டில் வேணுமா?” கொஞ்ச நேரம் கழித்து, “சோப்பு கீதா மேடம்?” நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஒருநாள், “துன்னீங்களா மேடம்?” என்றாள்.

“ஆச்சும்மா.”

“இன்னா துன்னீங்க?”

தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். சிறிது நேரத்தில் தயிர்சாதம் வந்தது.

கணவர் பேசும்போது, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். லாட்ஜில் என்றேன். குரல் விட்டுவிட்டுக் கேட்கிற போனில் அந்த அறையை எப்படிச் சொல்வது?

பிறகு ஒரு காலையில், மயக்க மருந்தைக் குறைக்கப்போகிறோம் என்றார் மருத்துவர். எப்போது விழிப்பான் என்று கேட்டேன். இன்றோ நாளையோ, பார்க்கலாம் என்றார். நான் அறைக்கு வந்து, உடை மாற்றிக்கொண்டு உடனே திரும்பிவிடலாம் என்று கட்டிலில் சாய்ந்தேன். ஏசி குளிர் தாங்கவில்லை. வெள்ளைப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

யாரோ போர்வையை உருவினார்கள். அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வாயில் கை. பின்னால் சாவிக்கொத்தோடு ஒரு ஆள். எத்தனை முறை போன் அடித்ததோ, எனக்குக் கேட்கவே இல்லை.

“இப்டியா மேடம் மூடிக்கினு தூங்குவாங்க?” அவள் கண் கலங்கியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “மொதல்ல என் வேல போச்சுன்னு நெனச்சேன். அப்புறந்தான் உங்கள நெனச்சேன். மன்னிச்சுக்கோங்க.”

ஐ.சி.யூ.வில் சத்தத்தை அணைத்த என் செல்போன் பையிலேயே கிடந்தது. எடுத்தால் மருத்துவமனை எண், வரிசையாக. எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தினேன். அவளே வாங்கி, கூப்பிட்டுத் தெலுங்கில் பேசினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கண்ணு தெறந்துட்டாராம் மேடம். டியூப்ப எடுத்துட்டாங்களாம். போங்க, போங்க.”

ஆட்டோவில் போய் இறங்கி ஓடினேன். நர்ஸ் கதவருகிலேயே பிடித்துக்கொண்டாள். “எங்கம்மா போயிட்டீங்க? மைக்ல எத்தினி வாட்டி கூப்டறது? முழிச்சதுலேந்து அம்மா அம்மான்னுகினே கிறான்.”

அவன் உதடு வெடித்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குழாய் எடுத்த தொண்டையில் காற்றுத்தான் வந்தது. குனிந்து கேட்டேன்.

“எங்கமா போன?”

“தூங்கிட்டேன் நைனா.”

அதை அவன் யோசித்தான். “கண்ண தொறந்து பாத்தேன். யார் யாரோ வந்தாங்க. நீ இல்ல. அதான் செத்துட்டேன்னு நெனச்சேன்.”

இல்லடா, இங்கதான் இருந்தேன் என்றேன். அதற்குள் அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். நேரம் முடிந்தது என்று நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள்.

இப்போது அவன் வேலைக்குப் போகிறான். பைக்கில்தான். ஒருமுறை தயங்கித் தயங்கி அதைக் கேட்டேன். “நான் அப்டி சொன்னனா? நீயா எதுனா கற்பன பண்ணிக்காதம்மா,” என்று சிரித்தான். அந்த மருந்தில் சொன்னது எதுவும் நினைவில் தங்காது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். கணவரிடம் இதைச் சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.