மாப்பிள்ளையின் இடது காது

என் தங்கை புருஷனுக்கு இடது காது கிடையாது. அதைக் கடித்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தெருவில் பாதிப் பேர் நேரில் பார்த்ததுதான். அவனை எல்லோரும் ஒத்தைக்காது என்று கூப்பிடுகிறார்கள். கடைப் பலகையிலும் இப்போது அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆக, அவனுக்குப் பெயர் வைத்ததும் நான்தான்.

நான் நாலாவது வரை படித்தவன். ஒரு அடுப்பு, ஒரு வாணலி, ஒரு கிழிந்த குடை. இவற்றை வைத்துக்கொண்டு நடைபாதையில் கோழி பொரிக்க ஆரம்பித்து, அதே தெருவில் இருபது நாற்காலி போட்ட கடைக்கு முதலாளி ஆனேன். எவனும் கைதூக்கி விடவில்லை. என் கதை பெரிசு. இது அவன் கதை.

அவன் ஒன்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கல்யாணத்துக்குப் பிறகான ஆறு வருஷத்தில் அவன் வீட்டில் இருந்தது மொத்தம் ஏழு மாதம். கடைசியாக இறங்கி வந்தபோது என் தங்கை வாசலை மறித்துக்கொண்டு, இன்னொரு தடவை கப்பல் ஏறினால் திரும்பி வரும்போது இந்தக் கதவுக்குப் பின்னால் நான் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். எங்கள் குடும்ப ரத்தம்.

கரையில் பிழைக்க வழி தேடியவன் எங்கே கடை போட்டான் தெரியுமா? எனக்கு நேர் எதிரே. பன்னுக்குள் கறி வைத்து ஒன்றரை நிமிஷத்தில் கையில் கொடுக்கிற கடை. துறைமுகத்துக்குத் துறைமுகம் பெரிய கம்பெனிக் கடைகளைப் பார்த்தவன் அவன். எங்கே ஒருத்தனுக்கு நன்றாக ஓடுகிறதோ அதற்கு எதிரிலேயே இன்னொருத்தன் போடுவான், அதுதான் உலக வழக்கம் என்று என் தங்கையிடம் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறான்.

திறந்த அன்றே என் வரிசையில் நின்ற இரண்டு பேரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போனான். நான் எண்ணெய் வடிக்கிற சாரணியால் அவன் முதுகில் ஒன்று போட்டேன். அன்று ஆரம்பித்தது. நான் விலையைக் குறைத்தால் அவனும் குறைப்பான். அவன் பெரிய விளக்குப் போட்டால் நான் அதைவிடப் பெரியதாகப் போடுவேன். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ்கள் விட்டதும் நாங்கள் நடுத்தெருவில் கட்டிப் புரள்வோம். அவன் விலா ஒரு தடவை முறிந்தது. என் மூக்கு இன்றைக்கும் வலது பக்கம் பார்க்கிறது. கூட்டம் வளைத்துக்கொண்டு நிற்கும். முடிந்ததும் பாதிப் பேர் என்னிடமும் பாதிப் பேர் அவனிடமும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெராக்ஸ் கடைப் படியில் ஒருத்தன் வந்து உட்கார்ந்தான். கையில் சின்ன இரும்புக் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் டிக்கென்று ஒரு எண் கூடும். பத்து நாள், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, போகிற வருகிறவர்களைப் பார்த்து டிக், டிக். அவன் என் வாடிக்கையாளர்களை எண்ண ஒத்தைக்காது வைத்த ஆள் என்று நான் நினைத்தேன். நான் வைத்த ஆள் என்று அவன் நினைத்தான். பத்தாம் நாள் ஒத்தைக்காதிடம் கேட்டே விட்டேன். அவன் பதிலுக்குப் பன் அடுக்கும் தட்டால் என் தாடையில் அடித்தான். இரண்டு கடைவாய்ப் பற்கள் தெருவில் விழுந்தன. மிச்சமிருந்த பற்களால் நான் அவன் காதைப் பிடித்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட்டம். காதை அதே தட்டில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இனி ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மூலைக் கட்டடத்தில் ஒரு பெரிய கம்பெனி கோழிக்கடை திறந்தது. நாற்பது நாட்டில் கடை இருக்கிறதாம். கண்ணாடிக் கதவு, எட்டு கல்லா, குளிர்சாதனம். நாங்கள் கோழி வாங்குகிற விலைக்கு அவர்கள் பொரித்தே விற்றார்கள். ஒரே வருஷத்தில் என் கடையில் ஈ பறந்தது. ஒத்தைக்காது தன் அடுப்புகளில் ஒன்றை அணைத்தான், பிறகு இன்னொன்றை. யாருக்கும் சொல்லாமல் கப்பலுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். மாதக் கடைசியில் வந்து சேரச் சொல்லிப் பதில் வந்தது. அவன் பையைக் கட்டினான். என் தங்கை தன் பெட்டியைக் கட்டினாள்.

அந்த வாரம்தான் அந்த எண்ணுகிற ஆள், எங்களுக்கு அவன் டிக்டிக், திரும்ப வந்து அதே படியில் உட்கார்ந்தான். ஒத்தைக்காது அவன் சட்டைக் காலரைப் பிடித்து என் கடைப் பின்கட்டுக்கு இழுத்து வந்தான். கொதிக்கிற எண்ணெய்க்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்து, யாருடைய ஆள் என்று கேட்டான். கம்பெனி ஆளாம். கடை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை தலை எண்ணுவார்களாம். வருஷா வருஷம் மறுபடி எண்ணி, தொடர்வதா மூடுவதா என்று பார்ப்பார்களாம்.

"போன வருஷம் எத்தனை?" என்று கேட்டான் ஒத்தைக்காது.

"ஒரு நாளைக்கு ஆயிரத்தைநூறு. நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்ட நாள்ல அதைவிட ஜாஸ்தி. காது போன அன்னிக்கு மூவாயிரம்ணே."

ஒத்தைக்காது பிடியை விட்டுவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தான். என்னைப் பார்த்துச் சொன்னான்: "மச்சான், அந்தக் கம்பெனியை இங்க கூட்டிட்டு வந்ததே நாமதான். நஷ்டத்தை ரெண்டு வருஷம் தாங்குவாங்க. தலை குறைஞ்சா ஒரு நாள் தாங்க மாட்டாங்க. பத்து நாள் கையைக் கட்டிக்கிட்டு இருப்போம்."

பத்து நாள். நான் முப்பது வருஷம் அடுப்பில் நின்றவன். அந்தப் பத்து நாளைப் போல வெந்ததில்லை. நாலாம் நாள் என் வரிசையில் இருந்த ஒருத்தரை அவன் கூப்பிட்டுப் பல்லைக் காட்டினான். நான் உள்ளே போய் மாவு மூட்டையைக் குத்தினேன், விரல் மொளியெல்லாம் ரத்தம் கசிகிற வரைக்கும். மூட்டை கிழிந்தது. தெருவில் சத்தமே இல்லை. ஆபீஸ் விட்ட ஜனம் நிற்க ஒரு காரணமும் இல்லாமல் பஸ் ஏறிப் போனது.

பத்தாம் நாள் ஐந்தரை மணிக்கு டிக்டிக்கின் மச்சினன்மார் மூன்று பேர் வந்தார்கள். தங்கள் அக்கா புருஷனின் முகத்தை எண்ணெயில் காட்டியவனைத் தேடி. ஒருத்தன் கையில் சைக்கிள் செயின். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். அந்த மூன்று பேரை நான் ஒருத்தனே சமாளித்திருப்பேன், சந்தேகமில்லை. ஒத்தைக்காது என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவர்களைப் பார்த்து, உள்ளே வாங்க என்றான். பிறகு என்னிடம்:

"ஷட்டரைப் போடுங்க மச்சான். யாரும் நிக்கக் கூடாது. நான் கத்த மாட்டேன்."

போட்டேன். முதுகைக் கொடுத்து நின்றேன். உள்ளே விழுந்த ஒவ்வொரு அடியும் தகட்டின் வழியாக என் முதுகெலும்பில் இறங்கியது. செயின் சத்தம், மேஜை உடைகிற சத்தம், என்னவோ ஈரமான சத்தம். அவன் சத்தம் மட்டும் இல்லை. ஒரு அம்மாள் நின்று என்னவென்று பார்த்தாள். உள்ளே கறி கொத்துகிறார்கள் என்றேன். போய்விட்டாள். எதிர்ப் படியில் டிக்டிக் தலையைத் தூக்காமல் எண்ணிக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது தன் மச்சினன்மார் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வேலையில் சுத்தமான ஆள். ஏழு மணிக்குக் கருவியை என்னிடம் காட்டினான். முந்நூற்று எண்பது.

ஷட்டரைத் தூக்கியபோது மூன்று பேரும் மூச்சு வாங்கியபடி வெளியே போனார்கள். ஒத்தைக்காது மாவுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் கிடந்தான். வாய்க்குள் பன் சுற்றும் துணியைத் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தான். இரண்டு விலா, இடது கையில் நாலு விரல் முறிந்திருந்தன.

"எத்தனை மச்சான்?" என்றான் துணியை எடுத்துவிட்டு.

சொன்னேன். சிரித்தான், முன்பல் இல்லை.

என் தங்கை வந்தாள். அவனைப் பார்த்தாள், என் கை மொளியில் இருந்த காயத்தைப் பார்த்தாள், கையிலிருந்த அரிவாளைப் பார்த்தாள். அவன் கடையின் இரும்புக் கரண்டியை எடுத்து என் தோளில் அடித்தாள். இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கிறது. வாயைத் திறந்தால் விஷயம் கம்பெனி காதுக்குப் போகும் என்று நானும் ஒத்தைக்காதும் அப்போது பேசாமல் இருந்தோம். அடித்தது நான் இல்லை என்று அப்புறம் சொன்னாலும் அவள் நம்பவில்லை. இதைப் படித்தாவது நம்பட்டும்.

மாதக் கடைசி வந்தது. உடைந்த விலாவோடு கப்பலில் யார் எடுப்பார்கள்? தங்கை தன் பெட்டியை அவிழ்த்துவிட்டு, அந்தக் கப்பல் கடிதத்தை வாணலிக்கு அடியில் எண்ணெய் தரையில் படாமலிருக்க விரித்தாள். ஐந்தாம் மாதம் கம்பெனிக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றினார்கள். முந்நூற்று எண்பது தலைக்கு எட்டு கல்லா எதற்கு?

போகும்போது எண்ணெயில் பொரிக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை நடைபாதையில் விட்டுவிட்டுப் போனார்கள். நாலு கூடை ஒரே நேரத்தில் இறக்கலாம். நான் ஒரு பக்கம் பிடித்தேன். ஒத்தைக்காது வளையாத இடது கையால் மறு பக்கத்தைப் பிடித்தான். மணி ஐந்து. ஆபீஸ் விட்டுவிட்டது. ஜனம் நிற்க ஆரம்பித்தது.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஜெராக்ஸ் கடைப் படியைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை.

அதற்கப்புறம்தான் நான் அவன் தாடையில் அடித்தேன்.