கறுப்பு பெயின்டுக்கு அடியில் இருந்த நிறம்

எங்கள் அக்கா ஆண்டவரில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அழுகையைவிட உற்சாகம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா ராயபுரத்தில், துறைமுகச் சங்கு கேட்கும் தொலைவில் ஓர் ஓட்டு வீட்டில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிலும் எனக்கு ஒன்பது வயதிலும் அம்மா காலமானார். எட்டாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்திக்கொண்ட அக்கா, என்னை மட்டும் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போட விட்டதில்லை. பதினாறு வயதில் திருவொற்றியூரில் ரேடியோவுக்கு மரப்பெட்டி செய்யும் பட்டறையில் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்தார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, மரத்தில் முகம் தெரியும்படி செய்வார்கள். அதில் அக்காவின் கைக்கு நிகர் அங்கே யாருமில்லை. பத்து ஆண்டுகள் கழித்து பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர் வந்தது, பட்டறையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் அக்கா வீட்டில் இருந்தார். பேச்சு குறைந்தது. எங்கள் ஒரே அலமாரிக்கு மூன்று முறை பாலிஷ் போட்டார்.

அப்போதுதான் அப்பா ஒரு செஸ் பெட்டியைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் நின்ற சோவியத் சரக்குக் கப்பலின் எஞ்சினியர், துறைமுக வாசலில் காவலர் தடுக்காதபடி சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியது. மடித்தால் பெட்டியாகிவிடும் பலகை, உள்ளே முப்பத்திரண்டு மரக்காய்கள். உலகப்போருக்கு முன் செய்தவை, அவருடைய தகப்பனாருடையவை. கப்பலில் எஞ்சினியரின் அறைக்குள் கடல்நீர் புகுந்து, மரத்தை ஒட்டியிருந்த வஜ்ஜிரப் பசை இளகி, குதிரைகளின் தலை கழன்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கப்பல் கிளம்பும், அதற்குள் ஒட்டித் தந்தால் போதும் என்று கேட்டிருந்தார்.

அக்கா அன்றே ஒட்டி முடித்தார். ஆனால் கறுப்புக் காய்கள் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. அவற்றின்மீது யாரோ கப்பலுக்கு அடிக்கும் பெயின்டைத் தடிமனாகப் பூசியிருந்தார்கள். ஒரு சிப்பாயின் அடியில் பெயின்ட் பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்த அக்கா, உள்ளே அரக்குப் பாலிஷ் இருக்கிறது என்றார். அப்படியானால் ஸ்பிரிட் அதை இளக்கும், மேலே உள்ள பெயின்ட் பிடி விட்டுவிடும். சொல்லிக்கொண்டே ஸ்பிரிட்டில் நனைத்த துணியைச் சிப்பாய்க்குச் சுற்றினார். சிறிது நேரம் கழித்துத் துணியைப் பிரித்தபோது பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. உள்ளே, கருப்பட்டிப் பாகை வெயிலில் பிடித்தாற்போல ஒரு கருஞ்சிவப்பு. 

வேலை முடிந்து வந்த அப்பா பதறிப்போனார். "ஒட்டச் சொன்னா உரிச்சி வச்சிக்கிற. அந்தாளு போய்ப் புகார் சொன்னா என் வேலை இன்னாவறது?"

அக்கா சிப்பாயை அவர் உள்ளங்கையில் வைத்தார். "நீயே பாரு நைனா. இத்த மறுபடி மூடச் சொல்றியா?"

அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் ஸ்பிரிட் பாட்டில் வாங்கி வந்தவர் அவர்தான்.

பேசின் பிரிட்ஜ் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நான் இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் பழைய பனியன்களைக் கிழித்துக் கொடுத்தேன். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும் என்பதால் பாலிஷ் வேலை காலையில் மட்டும். கறுப்பு ராஜாவின் ஒரு பக்கத்தில் பெயின்டோடு பழைய சாயமும் கழன்று மரம் வெளுத்துப்போனது. அக்கா முகம் வாடிவிட்டது. பிறகு துருப்பிடித்த ஆணிகளைத் தேயிலைச் சாற்றில் ஊறவைத்துச் சாயம் செய்து, மற்ற காய்களோடு ஒத்துப்போகும்வரை பதினோரு முறை பூசினார்.

ஞாயிறு காலை எஞ்சினியரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சை மொழிபெயர்க்கக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் கூட வந்தார். எஞ்சினியர் பெட்டியைத் திறந்தார், கறுப்பு ராஜாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி வெயிலில் நின்றார். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். எஞ்சினியர் ஏதோ சொன்னார். பெயின்ட் அடித்தது அவர்தானாம் என்றார் குமாஸ்தா.  எஞ்சினியர் தொடர்ந்து பேசினார். கடல் ஈரத்தில் பாலிஷ் வெளுத்துப்போக, பார்க்கப் பொறுக்காமல் பூசியதாம். தகப்பனார் கையில் பார்த்த அந்த நிறம் அழிந்தே போய்விட்டது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாராம். பிறகு அக்காவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றார். கப்பலில் இன்னும் இரண்டு செட் இருக்கிறது, அடுத்த முறை கொண்டுவரலாமா என்று கேட்டார்.

"கொண்டாரச் சொல்லுங்க," என்றார் அக்கா.

கொண்டுவந்தார். அக்காவைக் கேள்விப்பட்டு வேறு கப்பல்காரர்களும் வந்தார்கள், சென்னையின் செஸ் ஆட்டக்காரர்களும் வந்தார்கள். அக்கா பழைய ரேடியோ பட்டறைத் தோழிகள் மூவரைத் தேடிப் பிடித்து, தண்டையார்பேட்டையில் சொந்தப் பட்டறை திறந்தார். ஒருமுறை செஸ் கிளப் செயலாளர் ஒருவர், தன் ரஷ்ய செட்டில் ராஜாவின் தலையில் சிலுவை உடைந்திருக்கிறது, வைத்துக்கொடுங்கள் என்றார். ஞாயிறு பூசை தவறாத எங்கள் அக்கா மறுத்துவிட்டார். உடைந்த தழும்பே இல்லை, ரஷ்யாவில் இந்த ராஜாவைச் செய்தவன் சிலுவை இல்லாமல்தான் செய்தான் என்று பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். இத்தனைக்கும் அக்காவுக்குக் கடைசிவரை செஸ் ஆடத் தெரியாது.

முப்பத்து நான்காம் வயதில் மஞ்சள் காமாலை வந்தது. ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தார். பட்டறையைத் தோழிகள் மூவர் பேருக்கும் எழுதிவைக்கச் சொன்னார், எழுதியதைப் படிக்கக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

முறை வைத்து அக்கா அருகில் இருந்த பெரியம்மாவுக்கும், சைக்கிளில் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மாமாவுக்கும், நோயாளியைச் சிரிக்க வைத்த செவிலியர்களுக்கும், அடக்கத்தன்று வேலையை விட்டு வந்த துறைமுகத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தோழிகள் மூவரும் அக்கா இல்லாமல் தாங்களாகவே புதுப்பித்த முதல் செட் சென்ற வாரம் முடிந்தது. இன்று நினைவுப் பூசை முடிந்ததும் கூடத்து மேஜையில் அது இருக்கும். தள்ளி நின்று பார்க்காதீர்கள். கையில் எடுத்து, வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.