அழிக்காமல் விட்ட பக்கம்

1. பாலிடெக்னிக்கில் படிக்கும்போது புனைபெயரில் ஒரு டிராகன் நாவல் எழுதினேன்.
2. வெளிநாட்டுக் கதையின் காப்பி என்றார்கள்.
3. இனி எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அந்த வாரம் முதலியார்பேட்டை வாடகை நூலகத்துக்குப் போனேன். அதை நடத்தியவர் சட்டைப் பொத்தானில் ஒரு ரப்பரைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். திரும்பி வரும் புத்தகங்களில் வாசகர்கள் கிறுக்கியதையெல்லாம் பொறுமையாக அழிப்பார். என் நாவலின் கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். "சுத்தக் காப்பி" என்று ஒருவர் எழுதியிருந்தார். "உனக்கென்னய்யா, எனக்குப் புடிச்சிருக்கு" என்று கீழே இன்னொருவர்.

"இத மட்டும் ஏன் அழிக்கல?" என்றேன்.

"சண்ட முடியட்டும்மா. காப்பின்னு எழுதுனவரே மூணு தபா எடுத்துட்டுப் போயிட்டாரு. அடுத்தது எப்ப வரும்னு வேற கேக்கறாரு."

வெளியே வந்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது. எழுதியவள் நான்தான் என்று அவருக்குத் தெரியுமா என்பது இன்னும் எனக்குத் தெரியாது.

இரண்டாவது நாவலில் பதினோரு அத்தியாயங்கள் முடிந்திருக்கின்றன. டிராகன் இல்லை.